பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு சொலவடை இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைத் தாராளமாகப் பார்க்கலாம் என்பது அதற்குள் ஒளிந்திருக்கிற சங்கதி. மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். தரகர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்து, உதட்டை விலக்கி, ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேர்ந்தாச்சு என்று ஏதோ ஒன்றைச் சொல்வார். விலை அதோடு முடிந்துபோகும். வாய் மாட்டினுடையதுதான். அதைத் திறந்துகாட்டுகிற அதிகாரம் வேறொருத்தன் கையில் இருக்கிறது.

மனுசனையும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். சுதந்திர மனிதனாகப் பிறந்து, கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட சாலமன் நார்த்தப், 1853இல் வெளியிட்ட தன் வரலாற்றில் நியூ ஆர்லியன்ஸ் அடிமைக் கொட்டடியைப் பற்றி எழுதுகிறார். வாங்க வந்தவர்கள் குதிரையைப் பார்ப்பதுபோல் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்களாம். அதே அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணைக் கணக்கில், 1784ஆம் வருசத்தில் நீக்ரோக்களிடம் ஒன்பது பல் வாங்கியதற்குக் காசு கொடுத்த பதிவு இருக்கிறது. ‘காசு கொடுத்தது’ என்று எழுதியிருக்கிறது. அடிமையிடம் வாங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று கணக்குப்பிள்ளை எழுதவில்லை.

இங்கிலாந்தில் வேறொரு கதை. 1833இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஆலையில் வைக்கக்கூடாது என்றது. பிறப்புச் சான்று ஏது? உயரத்தைப் பார்த்து வயது சொன்னார்கள். முதலாளிக்கு அது தோதாக இருந்தது. 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்கிற பல் மருத்துவர் ஆயிரம் பிள்ளைகளுக்குமேல் பல்லைப் பார்த்து, வயதுக்கு உயரத்தைவிடப் பல்லே நம்பகமான சாட்சி என்று எழுதி நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தார். கூலிக்காரன் பிள்ளை பசியில் கட்டையாகிப்போவான். பல் முளைக்கிற கணக்கு அவ்வளவு சுலபமாகத் தப்பாது. ஆக, பல்லைப் பார்க்கிறவனெல்லாம் எதிரி என்று சொல்லிவிட முடியாது. யார் பார்க்கிறான், என்ன கேள்வியோடு பார்க்கிறான் என்பதுதான் நம் விசாரணை.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். எனக்குப் பல் முதலில் இலக்கியத்தில்தான் வந்தது. முத்துப்பல், முல்லையரும்புப் பல். கேசாதிபாதம் பாடுகிற எந்தப் புலவனும் பல்லை விட்டுவைக்கவில்லை. வகுப்பில் ஒரு பேராசிரியர் முத்துக்கும் பல்லுக்கும் உள்ள பொதுத்தன்மையை, வெண்மை, ஒழுங்கு, ஒளி என்று விரல்விட்டு விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பகுதியிலிருந்து நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் பல் பழுப்பு. முன்பல்லில் குழி குழியாக இருக்கும். முன்வரிசையில் ஒருத்தன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பேராசிரியரும் சிரித்தார். “விதிவிலக்கும் உண்டு” என்றார். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம், வாயை மூடிக்கொண்டு.

அந்த வாயை மூடிக்கொள்வது எங்களுக்குப் புதுசு இல்லை. எங்க ஆயா கவுண்டர் வீட்டு வாசலில் பேசும்போது முந்தானையை வாய்க்குமேல் வைத்துக்கொண்டுதான் பேசும். கைகட்டி வாய்பொத்தி என்று ஒரு தொடரை நாம் சாதாரணமாகப் புழங்குகிறோம். பணிவுக்கு உவமை என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு சாதியின் மூச்சுக் காற்றும் எச்சில் துளியும் இன்னொரு சாதியின் மேல் படக்கூடாது என்கிற சட்டம் அது. பல்லைக் காட்டாதே, பல்லிளிக்காதே என்கிற வசவுகளும் இந்தச் சட்டத்தின் துணைவிதிகள். சிரிப்பதற்கு மேலே இருக்கிறவன் அனுமதி வேண்டும். இப்படி மூடிவைக்கப்பட்ட வாய்கள் எந்தப் புலவனின் கேசாதிபாதத்துக்குள் வந்திருக்கும்?

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். கோரைப்பல் வரிசையைவிட்டு மேலே ஏறி முளைத்தால், சினிமாக் கதாநாயகிக்கு அது ‘தெத்துப்பல் அழகு’. வார இதழ்காரன் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறான். அதே பல் காலனிப் பெண்ணுக்கு முளைத்தால் கோணப்பல்லு, எத்துப்பல்லு. பெண் பார்க்க வந்தவன் சொல்லிவிட்டுப் போகிற காரணங்களில் ஒன்று. பல்லின் வடிவம் ஒன்றுதான். வாய் யாருடையது என்பதை வைத்துப் பெயர் மாறுகிறது.

அழகு என்பது எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சங்கப் பாடல்களில் பெண்ணின் பல்லைச் சொல்ல வருகிற அடைகளைத் தொகுத்துப் பார்த்தேன். வாலெயிறு என்று வெண்மையைச் சொல்வது உண்டு. கூடவே முள்ளெயிறு, கூரெயிறு என்று கூர்மையைப் புகழ்வதும் நிறைய உண்டு. முள்போலக் கூர்மையான பல் காதலிக்கு அழகு. பிற்பாடு வந்த பெருங்காப்பியத்தில் கூர்மை இடம் மாறிவிடுகிறது. கம்பனின் தாடகைக்குப் பிறைபோல வளைந்த எயிறு. கூரான பல் என்றாலே அரக்கர், பேய், காட்டாள் என்றாகிவிட்டது. இடையில் காரைக்காலம்மை ஒருத்திதான் பேயின் நீண்ட பல்லைத் தன் பக்கத்தில் நின்று பாடுகிறாள், அதற்காக வெட்கப்படவில்லை. நம் ஊர் எல்லையில் நிற்கிற காளிக்கும் முனிக்கும் நாம் நீண்ட பல் வைத்துத்தான் செய்கிறோம். பெருங்கோயில் அம்மன்கள் பெரும்பாலும் வாயை மூடிப் புன்னகைத்துக்கொண்டிருக்க, நம் தெய்வங்கள் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. தமிழ் அழகியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடப்பெயர்வைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இலக்கியம் உவமை சொல்லி விலக்கியதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவியல் அளவுகோல் வைத்து விலக்க வந்தது. மண்டையை அளந்தார்கள், மூக்கை அளந்தார்கள், பல்லையும் அளந்தார்கள். 1885இல் லண்டனில் வில்லியம் ஃபிளவர் என்கிற அறிஞர், கடைவாய்ப் பல்வரிசையின் நீளத்தை மண்டையோட்டின் அடிப்பகுதி நீளத்தோடு ஒப்பிட்டு ஒரு குறியெண் கண்டுபிடித்தார். 42க்குக் கீழே சிறுபல் இனம், 44க்கு மேலே பெரும்பல் இனம், நடுவில் இருப்பது நடுத்தரம். ஆஸ்திரேலியப் பழங்குடிகள், டாஸ்மேனியர்கள், அந்தமானியர்கள் பெரும்பல் கூட்டம். அதாவது குரங்குக்குப் பக்கம். ஐரோப்பியர்கள் சிறுபல் கூட்டம். இதுவரைக்கும் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவருடைய அட்டவணையில் ஆங்கிலேயரோடு சேர்ந்து அதே சிறுபல் வரிசையில் இன்னொரு கூட்டமும் வந்து உட்கார்ந்துவிட்டது. மத்திய, தென்னிந்தியாவின் ‘தாழ்ந்த சாதியினர்’! அவருடைய கோலே அவர் காலை வாரிவிட்டது. இதை வைத்து யாரும் ஆங்கிலேயனுக்கும் பறையனுக்கும் ஒரே இனம் என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள். அளவு தங்களுக்குத் தோதாக வராதபோது அளவை ஒதுக்குவதும், தோதாக வரும்போது அதையே இயற்கை என்பதும்தான் இந்த அறிவியலின் நடைமுறை.

பெயர் வைத்ததிலும் இதைப் பார்க்கலாம். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படுகிற ஒரு விசேஷம், மேல்வரிசை முதல் கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தில் இருக்கிற ஒரு கூடுதல் புடைப்பு. அதற்கு 1842இல் விவரம் எழுதிய ஆஸ்திரியப் பேரரசரின் அரண்மனைப் பல் மருத்துவர் கராபெல்லியின் பெயர். கிழக்கு ஆசியர்கள், அமெரிக்கப் பூர்வகுடிகள் பெரும்பாலோரிடம் காணப்படுகிற விசேஷம், முன்பல்லின் பின்பக்க ஓரங்கள் கரைகட்டினாற்போல் எழும்பி நடுவில் குழிந்திருப்பது. அதற்கு மண்வாரிப் பல் என்று பெயர். ஒருத்தன் பல்லுக்கு அரண்மனை வைத்தியன் பெயர், இன்னொருத்தன் பல்லுக்கு மண்வெட்டுகிற சாமான் பெயர். மண்வாரிப் பல்லை விரிவாக எழுதி 1920இல் நிலைநிறுத்தியவர் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருந்த அலெஷ் ஹர்ட்லிச்கா. இனவேறுபாட்டை நிரூபிப்பதற்காக மனித மூளைகளைச் சேகரித்து அடுக்கிவைத்தவரும் அவர்தான். 250க்கும் மேற்பட்ட மூளைகள் இன்னும் அந்த நிறுவனத்தின் கிடங்கில் இருப்பது 2023இல் பத்திரிகையில் வெளியாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பெரும்பாலானவை ஒப்புதல் இல்லாமல் எடுத்தவை.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதியதை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். நம் தலித் ஆய்வாளர்களும் காட்டுகிறார்கள். அதில் ஆனைமலைக் காடர்களைப் பற்றிய பகுதியில், அவர்கள் முன்பற்களைச் செதுக்கிக் கூம்புபோல் கூராக்கிக்கொள்வதை தர்ஸ்டன் விவரிக்கிறார். உளி அல்லது வெட்டுக்கத்தி, பிறகு அரம். பெண்ணுக்குப் பத்து வயதில், ஆணுக்குப் பதினெட்டில். யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று எல்லாம் இருக்கிறது. மலேயாத் தீபகற்பத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள் என்கிற ஒப்பீடும் இருக்கிறது. ஏன் செய்துகொள்கிறீர்கள், அது உங்களுக்கு அழகா என்று ஒரு காடர் பெண்ணிடம் கேட்டு அவள் சொன்ன பதில் நூலில் எங்கே? வாய் மட்டும் பதிவாகியிருக்கிறது. வாயிலிருந்து வந்த பேச்சு பதிவாகவில்லை. நாம் தர்ஸ்டனை மேற்கோள் காட்டும்போது இந்த இல்லாமையையும் சேர்த்துத்தான் மேற்கோள் காட்டவேண்டும்.

கூராக்கிய பல்லுக்காகவே ஒரு மனிதன் விலங்குக்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டான். பெயர் ஓட்டா பெங்கா. காங்கோவின் ம்புட்டி இனம். பெல்ஜிய மன்னனின் படை அவனுடைய கூட்டத்தை அழித்தபிறகு, அடிமை வியாபாரிகளிடமிருந்து உப்பும் துணியும் கொடுத்து அவனை வாங்கியவர் சாமுவேல் வெர்னர் என்கிற அமெரிக்கர். 1904இல் செயின்ட் லூயி உலகப் பொருட்காட்சி. அங்கே அவனுடைய கூர்ப்பல்லைப் பார்க்க அஞ்சு சென்ட். 1906 செப்டம்பரில் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் குரங்குக் கூடத்துக்குள் வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. மனிதமாமிசம் தின்கிறவன் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஆதாரம் அந்தப் பல். கறுப்பினப் பாதிரியார்கள் போராடி அவனை வெளியே கொண்டுவந்தார்கள். 1910இல் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவனுடைய பல்லுக்கு உறைபோட்டு, மற்றவர்கள் பல்போலச் சமமாக்கினார்கள். சட்டை, பேன்ட், பள்ளிக்கூடம், புகையிலை ஆலையில் வேலை. நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் நல்லெண்ணமும் முதலில் அவனுடைய பல்லைத்தான் சரிசெய்தது. 1916 மார்ச் 20ஆம் தேதி அவன் நெருப்பு மூட்டி, பல்மேல் இருந்த உறைகளை உடைத்தெறிந்துவிட்டுத் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டான். அந்தக் காட்சிச் சாலையை நடத்துகிற சங்கம் மன்னிப்புக் கேட்க 2020 வரை ஆயிற்று.

அவன் செத்த ஏழாவது வாரம், 1916 மே 9ஆம் தேதி, அதே நாட்டில், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் கட்டுரையை வாசிக்கிறார். மக்கள் எங்கேயும் கலப்புதான், சாதியின் சாரம் அகமணம்தான் என்கிறார். இரண்டு சம்பவத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் மானுடவியல் என்கிற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் ஞாபகம் வருகிறது. பிற்பாடு 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அவர் மூக்குக் குறியெண்களை எடுத்துக்கொண்டு என்ன செய்தார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். அளவுகளை மறுக்கவில்லை. அவர்கள் அளவையே எடுத்துப் பக்கம்பக்கமாக வைத்து, இது உண்மையான அறிவியல் என்றால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்று காட்டினார். ஃபிளவரின் பல் அட்டவணை அவர் கைக்குக் கிடைத்திருந்தால் அதையும் விட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் பல்லின் வடிவம் எதுவுமே சொல்லாதா? சொல்கிறது. அவர்கள் கேட்டதைத்தான் சொல்லவில்லை.

மண்வாரிப் பல்லையே எடுத்துக்கொள்வோம். இருக்கு, இல்லை என்று ரெண்டாகப் பிரிக்கிற விசயம் இல்லை அது. லேசாக, நடுத்தரமாக, ஆழமாக என்று படிப்படியாக எல்லா மக்களிடமும் பரவிக்கிடக்கிறது. எங்கே கோடு போட்டு இனம் பிரிப்பது? இதில் பங்குள்ள ஒரு மரபணு இ.டி.ஏ.ஆர். என்பது. அதன் ஒரு மாற்றுவடிவம் கிழக்கு ஆசியாவிலும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் அதிகம். 2013இல் அந்த மாற்றத்தை எலிக்குள் புகுத்திப் பார்த்தார்கள். முடி தடித்தது, வியர்வைச் சுரப்பி கூடியது, முலையில் பால்நாளங்களின் கிளைப்பு மாறியது. ஆக அந்த மரபணு பல்லுக்கென்று தனியாக வேலை செய்யவில்லை. முடி, வியர்வை, பல், பால் எல்லாம் ஒரே பட்டறைச் சாமான்கள். சிந்து மாகாணத்தில் ஒரு குடும்பத்தில் நாலு தலைமுறையாகப் பத்து ஆண்களுக்குப் பல் மிகக் குறைவாகவும், மேலில் முடி குறைவாகவும், வெயில் தாங்காமல் தோல் காய்ந்தும் இருந்ததை டார்வின் குறித்திருக்கிறார். அதுவும் இதே பட்டறையில் நேர்ந்த ஒரு கோளாறுதான் என்று இன்றைக்குப் புரிகிறது.

2018இல் ஹ்லுஸ்கோ என்கிற பெண் ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் ஒரு கருத்தை வைத்தார்கள். ஏறத்தாழ 20,000 வருசத்துக்கு முன்னால், பனியூழியில், சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே வெயில் சரியாக விழாத நிலத்தில் ஒரு மக்கள்கூட்டம் மாட்டிக்கொண்டது. வெயில் இல்லாமல் வைட்டமின் டி இல்லை. பால்நாளம் நன்றாகக் கிளைத்த தாயின் பிள்ளைகள் அதிகம் பிழைத்திருக்கலாம். அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து மண்வாரிப் பல்லும் பரவியிருக்கலாம். இது ஊகம்தான், முடிந்த தீர்ப்பு இல்லை. ஆனால் ஊகம் செய்கிறவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஹர்ட்லிச்கா அந்தப் பல்லில் இனத்தைப் பார்த்தார். இந்த அம்மா குளிரில் பிள்ளைக்குப் பால்கொடுத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியைப் பார்க்கிறார். பல் ஒன்றுதான்.

அடுத்தது பிறப்பு. பால்பல் வயிற்றுக்குள்ளேயே, நாலாம் மாசத்திலேயே கெட்டியாகத் தொடங்கிவிடுகிறது. எலும்பு உயிரோடு இருக்கும்வரை தன்னைக் கரைத்துக் கட்டிக்கொண்டே இருக்கும். பல்லின் மேற்பூச்சு, எனாமல், அப்படிச் செய்யாது. ஒருதடவை கட்டியது கட்டியதுதான். அதனால் கட்டுகிற நாளில் என்ன நடந்ததோ அது அதிலேயே தங்கிவிடும். பிள்ளை பிறக்கிற நாளில் எனாமல் கட்டுவது சற்றுத் தடுமாறுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். பிறப்புக்கோடு. எல்லாப் பால்பல்லிலும், முதல் நிலைத்த கடைவாய்ப் பல்லிலும் உண்டு. சிறு சிசுவின் எச்சம் கிடைத்தால், அது பிறந்து சில நாளாவது மூச்சுவிட்டதா என்று சொல்வதற்கு இந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள்.

தாய்க்குச் சோறு இல்லை, பிள்ளை குறைமாசத்தில், குறை எடையில் பிறக்கிறது என்றால் எனாமல் மெலிந்து, குழிவிழுந்து, வரிவரியாகக் கட்டுகிறது. பல்லே சற்றுச் சிறுத்துப்போவதையும் அளந்து சொல்லியிருக்கிறார்கள். பால்குடி மறந்தபிறகு வருகிற பஞ்சம், பேதி, காய்ச்சல் எல்லாம் நிலைத்த முன்பல்லில் குறுக்குவரிகளாக விழுகின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடைபார்க்கப்பட்ட இந்தியக் குழந்தைகளில் ஏறத்தாழ 18 சதவீதம் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தவை. அந்தப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, இது எந்த சாதிப் பல் என்று ஒருத்தன் ஆராய்ச்சி செய்தால், சாதி தெரிந்தாலும் தெரியும். ரத்தத்தில் இருக்கிற சாதி இல்லை அது. தாயின் தட்டில் இருந்த சாதி.

எங்கள் மூன்று பேரின் பழுப்புப் பல்லுக்கு வருகிறேன். அது ஃபுளூரைடு. பாறைக்குள்ளிருந்து தண்ணீரில் கலந்துவருகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோயை மருத்துவர்கள் 1937இலேயே எழுதிவிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விசயம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குமேல் போனால் ஆபத்து. ஏழெட்டு வயதுக்குள், பல் ஈறுக்குள் கட்டிக்கொண்டிருக்கும்போது குடித்த தண்ணீர்தான் பல்லைப் பழுக்கவைக்கும். வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகளுக்குப் பல் ஒன்றும் ஆகாது. அவள் பெற்ற பிள்ளைக்குப் பழுத்துவரும். எங்க ஊரில் ரொம்ப நாளைக்கு இதைச் சாபம் என்றார்கள். மேல்தெருவில் இருந்தவர்கள், பல்லு வெளக்காத சனம் என்றார்கள். செங்கல்தூளும் சாம்பலும் வைத்து எங்க ஆயா எங்களைத் தேய்த்த தேய்ப்பு எங்களுக்குத்தான் தெரியும், ஈறு கிழிந்து ரத்தம் வரும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது 2013இல். அதற்குமுன் கட்டின பல் யாருக்கும் திரும்பி வெளுக்காது.

அந்தத் தமிழ் வகுப்பில் பேராசிரியர் விதிவிலக்கு என்றது ஒரு பாறையை, ஒரு ஆழ்துளைக் கிணற்றை, ஒரு அரசாங்கத்தின் தாமதத்தை. முத்து என்கிற உவமைக்குள் இது எதுவும் நுழையமுடியாது. உவமை அழகாக இருப்பதற்கு வரலாறு இல்லாமல் இருக்கவேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு இடுகாடு. 1991இல் நியூயார்க் மன்ஹாட்டனில் அரசாங்கக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கறுப்பின மக்களின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்கள். முதலில் எடுத்த ஆய்வாளர்கள் தடயவியல் முறையில் இனம் கண்டுபிடிப்பதில் ஆர்வமாக இருந்தார்கள். கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தோண்டுவது 1992இல் நின்றது. எங்கள் முன்னோரை யார் ஆராய்வது, என்ன கேள்வி கேட்பது என்பதை நாங்கள் சொல்வோம் என்றார்கள். எச்சங்கள் ஹோவர்ட் என்கிற கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்கு, மைக்கேல் பிளேக்கி என்கிற கறுப்பின மானுடவியலாளர் தலைமைக்குப் போயின. எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படி எதிர்த்தார்கள் என்று கேள்விகள் மாறின.

இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பல் அரத்தால் கூராக்கப்பட்டிருந்தது, ஓட்டா பெங்காவுக்கு இருந்ததுபோல. இந்தத் தடவை யாரும் மனிதமாமிசம் என்று சொல்லவில்லை. இவர்கள் ஆப்பிரிக்காவில் பிறந்து, அங்கே வளர்ந்து, சடங்கு முடித்தபிறகு பிடிக்கப்பட்டவர்கள் என்று வாசித்தார்கள். எனாமலில் தங்கியிருந்த ஸ்ட்ரான்சியம் என்கிற தனிமத்தின் அளவும், சிறுவயதில் அவர்கள் எந்த மண்ணின் தண்ணீர் குடித்தார்கள் என்பதற்குச் சாட்சி சொன்னது. நியூயார்க்கிலேயே பிறந்து சின்ன வயதில் செத்த பிள்ளைகளின் பல்லில் பசிக்கோடுகள் மிகுந்திருந்தன. 2003இல் எல்லோரையும் மரியாதையோடு திரும்பப் புதைத்தார்கள். நார்த்தப்பின் வாயைத் திறந்து பார்த்த அதே தேசம்தான். பார்க்கிறவனை மாற்றியதற்கு ஒரு மக்கள் போராட்டம் தேவைப்பட்டது.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் கூட்டங்களிலேயே இப்போது, நம் டி.என்.ஏ.தான் ஆதி டி.என்.ஏ., நாம் தனி இனம், மண்டையோட்டைப் பார், பல்லைப் பார் என்று தோழர்கள் பேசக் கேட்கிறேன். கீழடிக்குப் பிறகு இது கூடியிருக்கிறது. தோழர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, கோபமும் உண்டு. 2013இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, இந்தியாவில் ஏறத்தாழ 4,200 வருசத்திலிருந்து 1,900 வருசம் முன்புவரை எல்லாக் கூட்டங்களும் கலந்தன, பிறகு கலப்பு நின்றுபோனது என்கிறது. மூடப்பட்ட வாசலை 1916இலேயே அம்பேத்கர் சுட்டிக்காட்டிவிட்டார். நம்மைத் தனியாக்கியது ரத்தம் என்று நாமே சொன்னால், கதவைச் சாத்தினவன் நிம்மதியாகத் தூங்குவான். தரகன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி நம் பல்லை நாமே பிடித்துப் பார்த்து விலை சொல்கிற வேலை நமக்கு எதற்கு?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க அக்கா மகளுக்கு ஆறு வயசு. எட்டாம் மாசத்தில் பிறந்தவள். அதற்கு முந்தின நாள்வரை அக்கா கரும்புக்கொல்லையில் வேலைக்குப் போனது. அந்தப் பிள்ளைக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, நான் இருக்கும்போதே விழுந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஓரத்தில் ஒரு சின்னக் குழி. “மாமா, குடு மாமா, எறியணும்” என்று பிடுங்கிக்கொண்டாள். ஆயா சாணியை உருட்டிக் கொடுத்தது. அதற்குள் பல்லை வைத்து, கூரையைப் பார்த்து ஓங்கி வீசினாள். முதல் வீச்சு ஓட்டில் பட்டுச் சரிந்து கீழே வந்தது. தேடியெடுத்து மறுபடி வீசினாள். அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்து, வாயை மூடாமல் சிரித்தாள்.